எங்கள் அம்பாசிடருக்குத் தண்ணீரை நிறுத்திய கதை

இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம், கீழே, தண்ணீர் வடிப்பதற்கென்று ஒரு சின்னக் குழாய் உண்டு. அதைத் திறந்தால் பிளாக்குக்குள் நிற்கிற தண்ணீர் கொட்ட வேண்டும். 2023 ஜூனில் எங்கள் அம்பாசிடரில் அதைத் திறந்தபோது ஒரு சொட்டுகூட வரவில்லை. ரேடியேட்டரை வடித்தபோதே எல்லாம் போயிருக்கும் என்று நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை எடுத்து நுனியைக் கொஞ்சம் வளைத்து அந்த ஓட்டைக்குள் விட்டுத் திருகினார். முதலில் காப்பி நிறத்தில் நாலு சொட்டு. அப்புறம் கம்பியை இழுக்க இழுக்க உருண்டை உருண்டையாகச் சேறு வந்தது. கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். ஆற்றில் தண்ணீர் வடிந்தபின் வாய்க்கால் ஓரத்தில் படிந்திருக்குமே வண்டல், அந்த வழவழப்பு அப்படியே இருந்தது. ஆனால் துருவின் வாடை, நடுநடுவே நகத்தில் நறநறவென்று உரசுகிற வெள்ளைச் செதில்கள். மொத்தமாக ஒரு கொட்டாங்கச்சி நிறைய வந்தது. அத்தனையும் நான்காவது சிலிண்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்த சேறு. அந்தச் சிலிண்டர் எத்தனை வருடமாகத் தண்ணீரே படாமல் வெந்துகொண்டிருந்ததோ.

ரேடியேட்டரில் வாட்டர்லெஸ் கூலண்ட், அதாவது தண்ணீரே சேர்க்காத குளிர்விக்கும் திரவம், போட்டது பற்றி யார் கேட்டாலும் நான் இந்தச் சேற்றில் இருந்துதான் ஆரம்பிக்கிறேன். இதைப் பார்த்திருக்காவிட்டால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

வண்டி அப்பா வாங்கியது, 1991 மாடல் நோவா, பெட்ரோல். 1489 சிசி, இங்கிலாந்தில் பிறந்த பிஎம்சி பி வரிசை இன்ஜின், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில். வண்டி தினமும் ஓடுவதில்லை, மாதத்தில் இரண்டு மூன்று தடவை, கோயிலுக்கு, கல்யாணம் காட்சிக்கு, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு. மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். இப்படி நிற்கிற வண்டிக்குத்தான் தண்ணீர் பெரிய எதிரி என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காவிரி டெல்டா என்றாலே எங்கும் நல்ல தண்ணீர் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கும்பகோணம், திருவையாறு பக்கம் அது சரி. கடலை நெருங்க நெருங்கக் கதை மாறிவிடும். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் பல இடத்தில் உவர்ப்புத்தான், அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகிவிடும். குடிக்கக் கொள்ளிடத்தில் இருந்து குழாயில் வருகிற தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருக்கிறோம். ஆனால் ரேடியேட்டருக்கு? அடிபம்பில் எது வருகிறதோ அதுதான். டிக்கியில் எப்போதும் ஒரு ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன் இருக்கும், கிளம்பும்முன் மூடியைத் திறந்து குறைந்ததை ஊற்றிவிட்டுப் போவது முப்பது வருடப் பழக்கம். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அதுவுமில்லாமல் நாங்கள் இன்ஜின் குளிர்வதைக் கற்றுக்கொண்டதே வயலில் ஆயில் இன்ஜினைப் பார்த்துத்தான். பம்ப் இறைக்கிற தண்ணீரில் இருந்து ஒரு சின்ன ட்யூபை இழுத்து இன்ஜினுக்குள் விட்டிருப்பார்கள், அது உள்ளே சுற்றிவிட்டு மறுபக்கம் வெதுவெதுப்பாகக் கொட்டும். மார்கழியில் அந்த வெந்நீருக்காகவே பையன்கள் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். அங்கே ஓயாமல் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, இன்ஜினும் மெதுவாக ஓடுகிற முரட்டு இன்ஜின். கார் அப்படி இல்லை. அதே எட்டு லிட்டர் உள்ளேயே சுற்றுகிறது, ஆவியாகப் போவது சுத்தமான தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. நாம் மேலே ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. உப்பளத்தில் பாத்தி கட்டிக் கடல்நீரை விட்டுக் காயவைப்பது போலத்தான். வேதாரண்யத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சூடேறும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சுண்ணாம்பாகப் பிரிந்து சூடு அதிகமான இடத்தில் போய் ஒட்டும். ஹீட்டர் காயில்மேல் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். இரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தை இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கடத்தும். அதனால் மெல்லிய பூச்சுகூட சிலிண்டருக்குப் போர்வை போர்த்தியது மாதிரி. குளோரைடு உப்பு இருந்தால் துரு இன்னும் வேகமாக அரிக்கும். பித்தளை, செம்பு, ஈயப்பற்று, இரும்பு என்று நாலு உலோகம் ஒரே உப்புத் தண்ணீரில் நிற்கும்போது அது கிட்டத்தட்ட ஒரு பேட்டரிதான், மின்னோட்டம் உண்டாகி ஒன்று மற்றதைத் தின்னும்.

சரி, சேற்றுக்கு வந்த வழியைச் சொல்கிறேன். அந்த வருடம் மே மாதம், கத்திரி வெயில், வேதாரண்யத்தில் அத்தை பேத்தி கல்யாணம். வண்டியில் ஐந்து பேர், சீர்வரிசைப் பாத்திரம் வேறு. வாய்மேடு தாண்டியதும் பானெட் ஓரத்தில் புகை மாதிரி வந்தது, நிறுத்திக் கேட்டால் உள்ளே உலை கொதிக்கிற சத்தம். அரை மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம். பக்கத்து வீட்டு அடிபம்பில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம், வாயில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. வேறு வழியில்லை. திரும்பி வரும்போதும் இரண்டு தடவை நின்றோம். அம்மாவுக்குச் சர்க்கரை, வெயிலில் அப்படி உட்கார்ந்திருந்ததில் முகமே வாடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் அண்ணனிடம், “அண்ணே, செலவானாலும் பரவாயில்ல, இதை அடியோட சரி பண்ணணும்” என்றேன். “அடியோடன்னா எல்லாத்தையும் கழட்டணும் தம்பி, ஒரு மாசம் வண்டியக் கேக்காதீங்க” என்றார். கேட்கவில்லை.

மேட்டூர் ஜூன் 12ல் திறந்தார்கள், ஊரே குறுவைக்கு ஓடிக்கொண்டிருந்தது, நான் நாற்றங்காலுக்கும் பட்டறைக்குமாக அலைந்தேன். ரேடியேட்டரை மன்னார்குடியில் ஒரு பட்டறையில் கொடுத்து மேல்தொட்டியை ஈயம் உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழலிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுத்தோம். மூன்றில் ஒரு பங்கு குழல் அடைத்திருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகளில் ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார் அண்ணன், அது அப்பளம் மாதிரி உள்ளே போய்விட்டது. எல்லா மூடியும் மாற்றினோம். வாட்டர் பம்ப் மாற்றினோம். ஹோஸ் எல்லாம் புதுசு. முன்னொரு காலத்தில் ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு’ என்று கழற்றி வீசப்பட்டிருந்த தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் சூடேறியபின் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுகிற வால்வு) 82 டிகிரியில் திறக்கிறதாகப் பார்த்து வாங்கித் திரும்பப் போட்டோம். பிளாக்கை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரால் இரண்டு தடவை ஓடவிட்டுக் கழுவி, சமையல் சோடா போட்டு ஒரு தடவை, அப்புறம் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரால் மூன்று தடவை. மூன்றாவது தடவைதான் தண்ணீர் நிறம் மாறாமல் வந்தது.

இவ்வளவு செய்தபின் இனி உள்ளே எதை ஊற்றுவது என்ற கேள்வி வந்தது. டிஸ்டில்டு வாட்டரும் நல்ல கூலண்டும் பாதிக்குப் பாதி ஊற்றினால் போதும், அது நூற்றுக்குத் தொண்ணூறு வண்டிக்குச் சரியான பதில். ஆனால் எனக்கு ஒரு பயம். நான் இல்லாத நேரத்தில் வண்டியை எடுக்கிறவர் மூடியைத் திறந்து, கொஞ்சம் குறைந்திருக்கிறதே என்று கேனைச் சாய்த்துவிடுவார். முப்பது வருடக் கை அது, நிற்காது. அப்போதுதான் தண்ணீரே சேர்க்காத கூலண்ட் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

சாதாரண கூலண்ட் என்று நாம் வாங்குவது எத்திலின் கிளைகால் அல்லது புரொப்பிலின் கிளைகாலோடு துருத்தடுப்பு மருந்து, அதைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறோம். வாட்டர்லெஸ் என்பது தண்ணீர் இல்லாமல் கிளைகால்களும் மருந்துகளும் மட்டும். அமெரிக்காவில் எவான்ஸ் என்ற நிறுவனம்தான் இதில் பெயர் பெற்றது, பழைய கார்கள் நூற்றுக்கணக்கில் வைத்திருக்கும் ஜே லெனோ தன் வண்டிகளில் இதைப் பயன்படுத்துவதாகக் காட்டிய பிறகு இன்னும் பரவியது. இதன் கொதிநிலை 190 டிகிரி செல்சியஸ் வாக்கில். சாதாரணத் தண்ணீர் 100ல் கொதிக்கும், என் வண்டியின் பழைய மூடியில் 7 பவுண்டு என்று அடித்திருக்கிறது, அந்த அழுத்தத்தில் 111 வரை தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்த 11 டிகிரியும் கிடைக்காது. கொதிக்காததால் ஆவி இல்லை, ஆவி இல்லாததால் அழுத்தம் ஏறுவது ரொம்பக் குறைவு, ஹோஸும் ரேடியேட்டர் பற்றும் அதிகம் சிரமப்படாது. தண்ணீர் இல்லாததால் சுண்ணாம்பு இல்லை, துருவும் அரிப்பும் பெரும்பாலும் இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கொதிநிலை எனக்கு இரண்டாம்பட்சம்.

இதன் மறுபக்கத்தைப் பலர் சொல்வதில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை அடிக்க ஆள் இல்லை. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.2 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், எத்திலின் கிளைகால் 2.4தான் வாங்கும். வெப்பக் கடத்தலிலும் பாதிக்குக் கீழே. போதாததற்குக் கொழகொழப்பு அதிகம், ஆறியிருக்கும்போது தண்ணீரைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். ஆக, அதே ரேடியேட்டர், அதே பம்ப் என்றால் இன்ஜின் முன்பைவிடச் சூடாகத்தான் ஓடும். கொதிக்காது என்பதும் சூடாகாது என்பதும் ஒன்று என்று நினைத்து ஊற்றினால் ஏமாந்துபோவீர்கள். வண்டி கொதிக்கிறது, அதனால் வாட்டர்லெஸ் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைக் கையைப் பிடித்து நிறுத்துவேன். முதலில் ரேடியேட்டரைக் கழற்றுங்கள்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின்களில் ஆரம்பத்தில் தூய எத்திலின் கிளைகாலைத்தான் ஊற்றினார்கள், கொதிநிலை அதிகம் என்பதால் சின்ன ரேடியேட்டரே போதும் என்ற கணக்கு. பின்னால் வந்த மெர்லின்களில் 70 பங்கு தண்ணீர், 30 பங்கு கிளைகால் என்று மாற்றிக்கொண்டார்கள். இன்ஜின் குளிர்ச்சியாக ஓடியது, கசிவும் தீப்பிடிக்கிற பயமும் குறைந்தது. இதைப் படித்தபோது ஒரு வாரம் தயங்கினேன். அவர்களுக்கு வேண்டியது சக்தி, எனக்கு வேண்டியது முப்பது வருடம் துருப்பிடிக்காமல் இருப்பது என்று யோசித்துத்தான் திரும்ப முடிவுக்கு வந்தேன்.

முதலில் வாட்டர்லெஸ்ஸை ஊற்றவில்லை. மூன்று வாரம் டிஸ்டில்டு வாட்டரும் பச்சைக் கூலண்டும் ஊற்றி ஓட்டினேன். கிளைகால், தண்ணீர் கசியாத இடத்தில்கூட மெல்ல ஊறி வெளியே வரும், விலையோ பல மடங்கு, அதனால் ஒழுகலையெல்லாம் மலிவான திரவத்தில் கண்டுபிடித்துவிட வேண்டும். இரண்டு கிளிப் இறுக்க வேண்டியிருந்தது, ஒரு தகட்டு மூடி ஓரத்தில் வியர்த்தது, திரும்ப அடித்தோம். இன்னொரு காரணமும் இருந்தது. சுத்தம் செய்ததால் எவ்வளவு குளிர்ந்தது, கூலண்டால் என்ன மாறுகிறது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும். எண் போட்ட டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று மாட்டியிருந்தேன். நல்ல வெயிலில் திருத்துறைப்பூண்டியில் இருந்து தஞ்சாவூர் வரை 84க்கும் 88க்கும் இடையிலேயே நின்றது. வெறும் சுத்தம் செய்ததிலேயே கொதிப்பு முழுவதும் போய்விட்டது. இதை மறைத்துவிட்டு எல்லாப் புகழையும் வாட்டர்லெஸ்ஸுக்குக் கொடுத்தால் அது பொய்.

அடுத்துத்தான் சிரமமான வேலை, உள்ளே இருக்கும் தண்ணீரை ஒட்ட எடுப்பது. மிச்சத் தண்ணீர் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. என் வண்டிக்கு எட்டு லிட்டர் சொச்சம் பிடிக்கிறது, அதில் 3 சதவீதம் 240 மில்லி, ஒரு பெரிய டம்ளர். பம்புக்குள், பிளாக்கின் அடியில், ஹோஸ் வளைவில் என்று ஒளிந்திருப்பதைக் கூட்டினால் ஒரு டம்ளர் சுலபமாகத் தேறிவிடும். தண்ணீர் அதற்கு மேல் போனால் கொதிநிலை மளமளவென்று இறங்கும், எந்தத் துருவுக்குப் பயந்து இதைச் செய்கிறோமோ அது திரும்ப ஆரம்பிக்கும். ரேடியேட்டர் குழாய், பிளாக் குழாய், கீழ் ஹோஸ் எல்லாம் திறந்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பஞ்சர் கடைத் தம்பியிடம் கம்ப்ரஸர் ஹோஸை வாங்கிக் காற்றடித்தோம். மேலே அடித்தால் கீழே தூறல் மாதிரி வந்தது, கீழே அடித்தால் பம்ப் பக்கம் இன்னும் அரை டம்ளர். வண்டியை முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தூக்கி, இரண்டு நாள் வெயிலில் எல்லா வாயையும் திறந்து போட்டோம். எலி போகாமல் இருக்க வாயில் கொசுவலைத் துணி கட்டியது அம்மா சொன்ன யோசனை. அப்புறம் இதற்கென்றே வருகிற கழுவு திரவத்தை ஊற்றி, இன்ஜினைச் சூடாகும் வரை ஓடவிட்டு, வடித்தோம். அதுவும் கிளைகால்தான், மிச்சத் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

கடைசியில் வாட்டர்லெஸ். கேனைத் திறந்தால் வாசனை என்று பெரிதாக எதுவும் இல்லை, ஊற்றும்போது சர்க்கரைப் பாகு ஒற்றைக் கம்பிப் பதத்துக்கு முன்னால் எப்படி விழுமோ அப்படி விழுந்தது. கழுத்து வரை நிரப்பக் கூடாது. சூட்டில் இது தண்ணீரைவிட அதிகமாக விரியும், இடம் விடாவிட்டால் விலை உயர்ந்த திரவம் ரோட்டில் போகும். பழைய அம்பாசிடரில் மிச்சம் வழிவது தரையில்தான், நான் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை ரேடியேட்டர் ஓரத்தில் கட்டி அந்தக் குழாயை அதற்குள் விட்டேன். மூடி போட்ட பாட்டிலாக இருக்க வேண்டும். கிளைகால் காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும், ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் உப்பு ஜாடியே ஒழுகும்போது இதைத் திறந்து வைத்தால் என்ன ஆகும். மிச்சம் இருந்த கேனையும் இறுக்கி மூடி, மேலே பிளாஸ்டிக் கட்டித்தான் வைத்திருக்கிறேன்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். கரும்புச் சாறில் பிரிக்ஸ், அதாவது சர்க்கரை அளவு, பார்க்கிற கருவியின் அதே தத்துவம், ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கோடு தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கிளைகாலுக்கு 1.43, கலப்பு கூடக் கூடக் கோடு இறங்கும். எனக்கு முதல் தடவை 2 சதவீதத்தை ஒட்டி வந்தது. அண்ணன் கருவியை வாங்கி மூன்று தடவை பார்த்தார், தன் மற்ற வண்டிகளில் இருக்கும் கூலண்டையெல்லாம் சொட்டு எடுத்துப் பார்த்தார், இரண்டு வண்டியில் கூலண்ட் என்று இருந்தது வெறும் பச்சைத் தண்ணீர்.

மீட்டர் இப்போது 91ல் இருந்து 95 வரை காட்டுகிறது. அதாவது ஏழு டிகிரி கூடுதல். வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லை. 2024 பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர் அன்று கமலாலயக் கரைப் பக்கம் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம், முக்கால் மணி நேரம் முதல் கியரில் ஊர்ந்ததில் 103 வரை போனது. பழைய நிலைமையாக இருந்தால் அங்கேயே பொங்கியிருக்கும். நிழல் பார்த்து நிறுத்தி அணைத்தேன். அணைத்தபின் உள்ளே களகளவென்று கொதிக்குமே, அந்தச் சத்தம் இல்லை. தண்ணீர் வண்டியில் ஓட்டம் நின்றதும் ஹெட்டில் சூடான இடத்தில் தேங்கியது ஆவியாகிப் பொங்கும், இதில் அது கிடையாது. நன்றாக ஆறியபின் மூடியைத் திருகினேன், புஸ் என்ற சத்தம்கூட வரவில்லை. இருந்தாலும் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள், 100 டிகிரிக்கு மேல் இருக்கிற பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு வேகும்.

அந்த அமைதியே ஆபத்தும்கூட. தண்ணீர் வண்டி சூடானால் ஆவி அடித்து ஊருக்கே சொல்லிவிடும். இது சொல்லாது. 120, 130 என்று ஏறிக்கொண்டே இருக்கும், ஹெட் கேஸ்கெட்டும் ஆயிலும் உள்ளே கருகிக்கொண்டிருக்கும், நீங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவீர்கள். அதனால் 105ல் கத்துகிற பஸர் ஒன்று மாட்டியிருக்கிறேன். அதன் சென்சாரைத் திரவத்தில் வைக்காமல் ஹெட்டின் இரும்பிலேயே முடுக்கியிருக்கிறோம், ஏனென்றால் கூலண்ட் முழுவதும் ஒழுகிவிட்டால் திரவத்தில் இருக்கிற சென்சார் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டும். வாட்டர்லெஸ்ஸுக்கு மாறுகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த கார் வைத்திருந்தால் வேண்டாம். அந்த இன்ஜினும் ரேடியேட்டரும் ஃபேன் ஓடுகிற நேரமும் தண்ணீர் கலந்த கூலண்டுக்காகவே கணக்குப் போட்டுச் செய்தவை, கம்பெனி சொன்ன கூலண்டைச் சொன்ன காலத்தில் மாற்றினால் துரு வராது, வாரண்டியும் தப்பும். தினமும் நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடுகிற வாடகை வண்டிக்கும் வேண்டாம், நடு ரோட்டில் ஹோஸ் பிய்ந்தால் கடையில் இது கிடைக்காது. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம், அதில் தப்பில்லை, ஆனால் அதன்பின் எல்லாவற்றையும் வடித்து, காயவைத்து, முதலில் இருந்து. நான் இரண்டு லிட்டர் எப்போதும் டிக்கியில் வைத்திருக்கிறேன். மொத்தச் செலவு, கழுவு திரவம் கருவி எல்லாம் சேர்த்து, இரண்டு ஏக்கர் நடவுக் கூலியைத் தாண்டியது. ஒழுகலை நிறுத்த முடியாத வண்டியில் அந்தப் பணத்தைக் கொட்டாதீர்கள். நிறுத்தி வைத்து, எப்போதாவது எடுத்து, பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற பழைய இரும்பு இன்ஜின் என்றால், அதுவும் எங்களைப் போல உவர்ப்புத் தண்ணீர் ஊரில் என்றால், தாராளமாகச் செய்யுங்கள்.

ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன். வடிக்கிற பழைய கூலண்டை, தண்ணீர் கலந்ததோ கலக்காததோ, வாய்க்காலில் விடாதீர்கள், கொல்லையில் ஊற்றாதீர்கள். எத்திலின் கிளைகால் இனிக்கும், நாய் நக்கும், கன்று நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். நாங்கள் காற்றடித்த அன்று தரையில் சிதறியதை மணல் போட்டு அள்ளி, இரண்டு தடவை கழுவும்வரை பசுவைக் கொட்டகைப் பக்கம் விடவில்லை. பழைய கூலண்டைக் கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுக்கிறவர்களிடம் இது கூலண்ட் என்று தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். அதேபோல சிவக்கச் சூடான சைலன்சர் மேல் சொட்டினால் தூய கிளைகால் தீப்பிடிக்கும், அந்தப் பக்கம் போகிற ஹோஸில் கிளிப்பைச் சந்தேகம் இல்லாமல் இறுக்குங்கள்.

இந்த வருடம் வைகாசியில் அதே பிளாக் குழாயைத் திறந்தேன். அண்ணன் போக்ஸ் கம்பியோடு தயாராக நின்றார். தேவைப்படவில்லை, திறந்ததும் நூல் மாதிரி இறங்கியது. ஒரு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் பிடித்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தோம், அடியில் ஒன்றும் படியவில்லை, டம்ளருக்குப் பின்னால் இருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது. ரிஃப்ராக்டோமீட்டரில் தண்ணீர் இன்னும் 3 சதவீதத்தைத் தாண்டவில்லை. வெள்ளைத் துணியில் வடிகட்டித் திரும்ப உள்ளேயே ஊற்றினோம். அப்பா டம்ளரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டம்ளரை இனி யாரும் குடிக்க எடுக்கக் கூடாது என்று அம்மா அப்போதே அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொட்டகை அலமாரியில் வைத்துவிட்டார்.